வெளியே எடுப்பதை நிறுத்தவும்

கடிதத்தில் மொத்தம் எட்டு வரிகள். ஏழு வரிகளைப் பற்றி யாருக்கும் எந்தத் தகராறும் இல்லை. ஆறாவது வரிதான் ஆளை ஆட்டிவைத்தது.

கார் சர்வீஸ் சென்டரில் தொலைபேசி எடுக்கிற மேசை அவளுடையது. எதையும் ஒருமுறை கேட்டால் அவளுக்குப் போதாது. "மறுபடி சொல்லுங்க" என்பாள். எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்டுவாள். பிறகும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். மெக்கானிக்குகள் அவளுக்கு 'மறுபடி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஒரு குறிப்பிட்ட மாடல் காரில், பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டிக்குள் ஈரம் இறங்குகிறது. உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். இது முதல் பக்கம். சாவியை எடுத்துவிட்டாலும் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும், ஆகவே மாற்றுப் பெட்டி வருகிறவரை காரைக் கட்டடத்துக்குள் வைக்கவே கூடாது என்பது இரண்டாம் பக்கம். நூற்று எண்பத்தாறு உரிமையாளர்களுக்குத் தமிழில் ஒரு கடிதம் போக வேண்டும். எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது.

ஆறாவது வரியை அவள் இப்படி எழுதினாள்: 'வண்டியை வீட்டிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தவும்.'

மேனேஜர் சிவப்புப் பேனாவோடு படித்தார். ஆறாவது வரியில் பேனா நின்றது.

"என்னம்மா இது, 'எடுத்து நிறுத்தவும்'? பேசற மாதிரியே எழுதியிருக்க. தலையும் இல்ல, வாலும் இல்ல."

அடித்துத் திருத்தினார். 'வண்டியை வீட்டிலிருந்து வெளியே எடுப்பதை நிறுத்தவும்.' இப்போது வாக்கியம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

"சார், அர்த்தம் மாறிடலையா?"

"தீப்பிடிக்கிற வண்டி. ஓட்டாதேன்னு சொல்றோம். நிறுத்தணும், அவ்வளவுதானே? இதுல மாற என்ன இருக்கு?"

அவர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. பதினாறு வருட அனுபவம் உள்ளவர். நமக்குத்தான் தமிழ் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். இருக்கைக்குத் திரும்பி அந்த வரியை நான்கு முறை படித்தாள். நான்காவது முறை படிக்கும்போது எந்த வாக்கியமும் விநோதமாகத்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். கடிதங்கள் தபாலில் போயின.

பதினோராம் நாள் காலை ஒரு தையல்காரர் கூப்பிட்டார்.

"பார்ட்டு வந்துடுச்சாம்மா? வண்டி இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டரு, துணி மூட்டையை எல்லாம் தோள்ல சுமந்துட்டு அலையறேன்."

"இன்னும் வரலைங்க. வர்ற வாரம் வந்துடும். வண்டி எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியேதான். வெளிய எடுக்கறதையே நிறுத்திட்டேன். கடைக்குள்ளயே பத்திரமா இருக்கு. மேல போர்வை வேற போத்தி வெச்சிருக்கேன்."

"கடைன்னா... மேல வீடா?"

"ஆமா. கீழ கடை, மேல வீடு. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. குழந்தை பொறந்து ஒன்பது நாள் ஆச்சு."

அவள் வழக்கம்போல மறுபடி சொல்லச் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டதே காதுக்குள் இருந்தது.

"ஐயா, வண்டிய இப்பவே தெருவுக்குக் கொண்டுவந்துடுங்க. உள்ள வைக்கக் கூடாது."

மறுமுனையில் காகிதம் பிரிக்கும் சத்தம். பிறகு அவர் ஆறாவது வரியை எழுத்து எழுத்தாகப் படித்துக்காட்டினார். "கம்பெனி முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. இதுல எடுக்காதேன்னு போட்டிருக்கு. போன்ல எடுங்கறீங்க. நீங்க யாரும்மா?"

"அந்தக் கம்பெனியிலேர்ந்துதான் பேசறேன். நீங்கதானே இந்த நம்பருக்குப் போட்டீங்க?"

"போட்டேன். ஆனா நாளைக்கு ரோட்டுல எரிஞ்சா, எடுக்காதேன்னு எழுத்துல சொன்னோமே, ஏன் எடுத்தேன்னு கேப்பீங்க. அப்ப நான் யார் கால்ல விழறது? பழசு தப்புன்னு எழுதிக் குடுங்க. அடுத்த நிமிஷம் எடுக்கறேன்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

அவள் பட்டறைக்குப் போனாள். போர்மேன் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஓடாம நிக்கிற வண்டிக்கு ஆபத்து கம்மிதானே அண்ணே?"

"யாரு சொன்னா?" முகம் வெளியே வந்தது. "ஓடற வண்டி எரிஞ்சா ஓட்டறவன் புகையப் பாத்துட்டு இறங்கி ஓடிடுவான். நிக்கிற வண்டி எரிஞ்சா யார் பாக்கறது? என்ன பக்கத்துல இருக்கு?"

"துணி மூட்டை."

போர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அவள் கொண்டுபோய் நீட்டிய சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மேனேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"சரி. எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போடு. நினைவூட்டல்னு தலைப்பு குடு."

"நினைவூட்டல்னா பழசையே திரும்பச் சொல்றோம்னு நினைப்பாங்க சார். திருத்தம்னு போடலாமா? முன்னால எழுதினது தப்புன்னு..."

"தப்புன்னு எழுத்துல குடுத்தா, எவன் வண்டி எரிஞ்சாலும் நம்ம தலையில வந்து விடியும். பார்ட்டு அடுத்த வாரம் வருது. மாட்டிட்டா கதை முடிஞ்சுது. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே?"

"ஒன்பது நாள் குழந்தை சார்."

"எனக்கு மட்டும் கல்லு மனசா? நினைவூட்டல் போடுன்னுதானே சொல்றேன்."

அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த வரி தவறு என்று அவளுக்கு அன்றைக்கே பட்டது. பட்டதை விழுங்கியதும் அவள்தான். மேனேஜர் படிக்காமல் திருத்தினார். அவள் படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். இரண்டில் எது பெரிய பிழை என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்கிற நேரத்துக்கு வண்டி காத்திருக்காது என்று தோன்றியதும் அலுவலகத் தாள் ஒன்றை உருவி எழுதினாள்:

'நாங்கள் முன்பு அனுப்பிய கடிதத்தின் ஆறாவது வரி தவறு. வண்டியை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். ஓடாமல் நின்றாலும் தீப்பிடிக்கலாம். உடனே வெளியே கொண்டுவந்து, கட்டடங்களுக்குத் தள்ளி, திறந்த இடத்தில் விடவும்.'

'நிறுத்தவும்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் போர்மேனின் இருசக்கர வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கடை ஒரு குறுகலான தெருவில் இருந்தது. உள்ளே கார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. போர்வையின் மேல் வெட்டிய துணிகள் அடுக்கியிருந்தன. முன்பக்கம் கத்தரிக்கும் மேசை. இரண்டு பக்கமும் நீலச் சீருடை மூட்டைகள் இடுப்பு உயரத்துக்கு. ஓடாத வண்டி ஒரே வாரத்தில் அலமாரியாகிவிட்டிருந்தது.

தையல்காரர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். அவருடைய மனைவி மாடிப்படியில் நின்று எட்டிப்பார்த்தாள்.

"யாருங்க அது?"

"கம்பெனிக்காரங்க. இவங்க எழுதின ஒரு வரி தப்பாம்."

"ஒரு வரியா? அதுக்கு ரெண்டு பேரா வந்தாங்க?"

"இந்தப் பொண்ணு எழுதிக் கையெழுத்தே போட்டுருக்கு. தப்புன்னு எழுதிக் குடுக்கற கம்பெனிய நான் இப்பத்தான் பாக்கறேன்," என்றார் தையல்காரர். சொன்ன சொல் தவறாமல் மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

மூட்டைகளை நகர்த்த இருபது நிமிடம் ஆனது. போர்மேன் வண்டியைக் கிளப்ப விடவில்லை; தள்ளியே தெருமுனையிலிருந்த காலி மனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போர்மேன் முன்மூடியைத் திறந்து மின்பெட்டியின் இணைப்பை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு மூலையில் தேநீர்க் கறை போலப் பழுப்பேறியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அவள் மூக்கருகே நீட்டினார்.

"தெரியுதா?"

தெரிந்தது. தீய்ந்த வாடை.

"இது இன்னிக்குப் பிடிச்சிருக்குமா, அடுத்த மாசமா, பிடிச்சே இருக்காதா, எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரியும்னு எவனாவது சொன்னா நம்பாத."

பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டார். தையல்காரர் வீட்டு மாடியிலிருந்து குழந்தை அழும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. யாரோ தாலாட்ட, அடங்கியது.

திரும்பி வந்ததும் அவள் கணினியைத் திறந்தாள். தாளில் எழுதிய அதே வாக்கியங்களை அப்படியே அடித்து, மேலே 'திருத்தம்' என்று போட்டு, நூற்று எண்பத்தாறு எண்களுக்கும் அனுப்பினாள். அனுப்பிய பிறகு மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னாள். முதலில் சொன்னால் அனுப்ப முடியாது என்று தெரியும்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தலைமை அலுவலகத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். அவங்க முடிவு சொல்ற வரைக்கும் நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"சரி சார். இன்னிக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் மேசையில் தொலைபேசி அடித்தது. அன்று மாலைவரை அது கீழே இறங்கவே இல்லை. ஒருவர் திட்டினார். ஒருவர் நன்றி சொல்லிவிட்டுப் பிறகு திட்டினார். ஒரு பெண், "ஒண்ணு வெளிய எடுங்கறீங்க, ஒண்ணு எடுக்காதேங்கறீங்க, உங்க வீட்டுல இப்படித்தான் பேசிப்பீங்களா?" என்றாள். அழைக்காதவர்களை இவளே அழைத்தாள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வண்டி இருக்கும் இடத்தைக் கேட்டு எழுதினாள். வீட்டுக்குள் இருந்தவை நாற்பத்தொன்று. ஆறு மணிக்கு ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி, எடுப்பார் இல்லை.

அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நின்று தன் கைபேசியிலிருந்து அழைத்தாள். ஆறாவது முறை மணி அடித்ததும் ஒரு வயதானவர் எடுத்தார்.

"வண்டியா? அதை வித்து மூணு மாசம் ஆச்சேம்மா."

"யாருக்கு வித்தீங்க?"

"மருந்துக்கடைக்காரருக்கு."

"அவரு வண்டிய எங்க விடுவாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? வித்த மாட்டுக்குப் பின்னாலயா போய்ப் பாக்க முடியும்?"

"அவர் நம்பர் இருக்குமா ஐயா?"

அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்றது. நடத்துநர் படியைத் தட்டினார். அவள் கையை ஆட்டி, போகச் சொன்னாள்.

"எங்கயோ எழுதி வெச்சேன்," என்றார் அவர். "இரும்மா, கண்ணாடிய எடுத்துட்டு வரேன். போனை வெச்சுடாதே."