ஐந்தாவது ஆட்டம்

மேபல் கடைக் கரும்பலகையில் போன வாரம் வரை 'வேட்' என்று எழுதியிருந்த இடத்தில் இப்போது 'டில்லரி' என்று இருந்தது. பெயர்தான் மாறியிருந்தது. சாண்ட்விச் அதேதான். பன்றி இறைச்சியைத் தட்டைவிட அகலமாகத் தட்டிப் பொரித்து, மேலே ஊறவைத்த வெள்ளரித் துண்டுகள். ஹோல்ட்விக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு யார் குவார்ட்டர்பேக்கோ, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனோ, அவன் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். அது அந்த ஊர் வழக்கம்.

வேட் லிண்ட்கிரென் பலகையைப் பார்த்துவிட்டு சூப் மட்டும் சொன்னான்.

"என்னடா, வழக்கமா சாப்பிடறது வேணாமா?" என்றாள் மேபல்.

"எது? டில்லரியா?"

"கோவிச்சுக்காதடா கண்ணு. ஞாயித்துக்கிழமையே பசங்க வந்து மாத்தச் சொல்லிட்டாங்க. நான்தான் இன்னிக்கு வரைக்கும் இழுத்தடிச்சேன்."

அவள் அதை ஓர் உபகாரமாகத்தான் சொன்னாள். வேட் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

நடந்தது இதுதான். பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் வேட்தான் அணியை நடத்தினான். இரண்டு தோல்வி. நாலாவது ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு பயிற்சியாளர் மர்டாக் அவனை உட்கார வைத்துவிட்டு, முதலாம் ஆண்டுப் பையன் ஜேரியஸ் டில்லரியை இறக்கினார். டில்லரி ஜெயித்துக் கொடுத்தான். சாதாரண ஜெயிப்பு இல்லை. வேட் நாலு வருஷமாக முக்கி முனகி எறிந்த பந்துகளை அந்தப் பையன் பேருந்துக்குக் கை காட்டுகிற மாதிரி எறிந்தான். கையை விட்டுப் பந்து போவதே தெரியவில்லை. ஓடுகிறவன் நெஞ்சில் அது 'டப்' என்று விழுகிற சத்தம்தான் கேட்டது. அந்த 'டப்' வேட்டின் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. பல் தேய்க்கும்போதுகூடக் கேட்டது.

கல்லூரி ஆட்டத்தில் ஒருவன் நாலு வருஷம்தான் ஆடலாம். அதில் ஒரு விதி உண்டு. ஒரு பருவத்தில் நாலு ஆட்டத்துக்கு மேல் ஆடாதவனுக்கு அந்த வருஷம் கணக்கில் சேராது. அடுத்த பருவம் ஆடலாம். ரெட்ஷர்ட் எடுப்பது என்பார்கள். பெயரில்தான் சிவப்புச் சட்டை இருக்கிறது, அதை யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் ஒரே ஒரு தரம் பந்து நகரும்போது களத்தில் நின்றாலும் போதும், வருஷம் போயிற்று. வேட்டுக்கு இது நாலாவது வருஷம், கடைசி. இந்தப் பருவத்தில் நாலு ஆட்டம் ஆடியாயிற்று. முதல் இரண்டு வருஷமும் உதைக்கிறவனுக்குப் பந்தை நிறுத்திப் பிடிக்கிற வேலையிலேயே கரைந்தன. அதுவும் ஆட்டம்தான் என்றது விதி. பிடித்துக் கொடுத்தவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது விதியில் இல்லை.

மர்டாக்கின் அறைக்குப் போனபோது அவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிக்கொண்டிருந்தார்.

"உக்காரு."

"நிக்கறேன் கோச்."

"நில்லு. சொல்லு."

"மிச்ச ஆட்டத்துல நான் இறங்கல. ரெட்ஷர்ட் எடுத்துக்கறேன்."

மர்டாக் துப்புவதை நிறுத்தினார். "டில்லரிக்கு அடிபட்டா யாரு? பிக்கெட்டா? அவன் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறான்டா. பந்தைப் பாத்தா நாடி பிடிச்சுப் பாப்பான்."

"என்னை உக்கார வச்சப்போ இதை யோசிச்சிருக்கணும்."

"சரி. அடுத்த வருஷம் ஆட எங்க போகப் போற?"

"தெற்கு டகோட்டாவுல ஒரு காலேஜ். அங்க அடுத்த வருஷம் குவார்ட்டர்பேக் இல்ல. நான்தான் முதல் ஆளா இருப்பேன்."

"இருப்பே," என்றார் மர்டாக். அதில் கிண்டல் இருக்கிறதா என்று வேட் தேடினான். இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. அவனைத் தடுக்க அவர் ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் செய். உடுப்பு போட்டுட்டு ஓரத்துல நில்லு. டில்லரிக்குக் கையால சைகை காட்டு. உன் சைகைதான் அவனுக்குப் புரியுது. உன்னை இறக்க மாட்டேன். சத்தியம்."

வேட் ஒத்துக்கொண்டான். மறுத்தால் ஓடிப்போனவன் என்பார்கள். நின்றால் தன் இடத்தில் இன்னொருவன் ஆடுவதற்குத் தானே கை காட்ட வேண்டும். இரண்டில் எது குறைந்த அவமானம் என்று கணக்குப் போட்டு இதை எடுத்தான்.

உடைமாற்றும் அறைக்குள் நுழைந்ததும் லோமாக்ஸ் எழுந்து நின்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டான். லோமாக்ஸ் நடுவில் குனிந்து நின்று காலுக்கிடையில் பந்தை எடுத்துக் கொடுக்கிறவன். நாலு வருஷமாக வேட்டின் அறைத்தோழன். நூற்று நாற்பது கிலோ.

"உக்காருங்க தாத்தா. ரிடையர் ஆயிட்டீங்களாமே? முட்டிக்குத் தைலம் தடவி விடவா?"

"போடா."

"தெற்கு டகோட்டால குளிருமாம். போர்வை எடுத்துட்டுப் போ. எனக்கு மட்டும் ஒரு போஸ்ட் கார்டு போடு."

எல்லோரும் சிரித்தார்கள். டில்லரி சிரிக்கவில்லை. எல்லோரும் குளிக்கப் போன பிறகு பக்கத்தில் வந்து நின்றான். பதினெட்டு வயது. மீசை இன்னும் சரியாக வரவில்லை.

"அண்ணே, என்னாலதானே?"

"உன்னால ஒண்ணும் இல்ல."

"அந்த வெஸ்டன் பசங்க சனிக்கிழமை எப்படி நிப்பாங்கன்னு சொல்லித் தரீங்களா? வீடியோ பாத்தேன். ஒண்ணும் பிடிபடல."

வேட் சொல்லிக் கொடுத்தான். கெட்டவனாக இருந்தால் வெறுப்பது சுலபம். இவன் ஒவ்வொன்றுக்கும் "ஓ, அப்படியா அண்ணே" என்று தலையாட்டினான். அவன் வலதுகை மேசைமேல் சும்மா கிடந்தது. நீளமான, சோம்பேறித்தனமான கை. வேட் பேசிக்கொண்டே அந்தக் கையையே பார்த்தான். தினமும் விடியலில் எழுந்து தான் எறிந்து எறிந்து தோளைக் கிழித்துக்கொண்டு கற்றது எல்லாம் இந்தக் கைக்குப் பிறவியிலேயே தெரிந்திருக்கிறது. கதவிடுக்கில் மாட்டி ஒரு விரல் நசுங்கினால் போதும் என்று தோன்றியது. சின்ன விரலாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாரம். பிறகு, தான்தான் இறங்கப்போவதில்லையே, நசுங்கி என்ன லாபம் என்று நினைவு வந்தது. லாபம் இல்லாமலே நசுங்கட்டும் என்று நினைத்தான்.

வெஸ்டனோடு வெளியூரில் நடந்த ஆட்டத்தில் டில்லரி ஜெயித்தான். வேட் ஓரத்தில் நின்று தொப்பியைத் தொட்டான், முழங்கையைத் தொட்டான், இரண்டு விரலை விரித்தான். தப்பான சைகை ஒன்று காட்டினால் யாருக்குத் தெரியும் என்று ஒருதரம் நினைத்தான். ஆனால் கை சரியாகத்தான் காட்டியது. பழகிய கை. டில்லரி எறிந்தான். 'டப்.'

அடுத்த சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஸ்டோன்பிரிட்ஜோடு ஆட்டம். அக்டோபர் வெயில். காற்று பன்றிப் பண்ணைப் பக்கமிருந்து வீசியது. மாணவர்கள் உட்காரும் பகுதியில் அந்த வருஷம் ஒரு விளையாட்டு கிளம்பியிருந்தது. பிக்கெட் உதவித்தொகை இல்லாமல் சொந்தக் காசில் படித்து, ஒரு தரம்கூடக் களத்தில் இறங்காமல் மூன்று வருஷம் உடுப்பு துவைத்தவன். அவன் பெயரைச் சொல்லிக் கத்துவதுதான் விளையாட்டு. "பிக்-கெட்! பிக்-கெட்!" பாதி கேலி, பாதி பாசம். பிக்கெட் ஒவ்வொரு தரமும் காது சிவந்து தலையைக் குனிந்துகொள்வான். அதைப் பார்க்கவே இன்னும் கத்துவார்கள்.

கடைசிப் பகுதியில் ஹோல்ட்விக் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. டில்லரி அணியை எதிராளியின் கோட்டுக்கு இரண்டு கஜம் வரை கொண்டுவந்திருந்தான். அப்போது அவனை ஒருவன் இடுப்பில் பிடித்துச் சாய்த்தான். குவியலிலிருந்து டில்லரியின் ஹெல்மெட் தனியாக உருண்டு வெளியே வந்தது.

ஹெல்மெட் கழன்றவன் அடுத்த ஒரு தடவை பந்து நகரும்போது வெளியே இருக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்திவைக்கிற டைம் அவுட் மிச்சம் இருந்தால் அதைக் கொடுத்து அவனை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மர்டாக்கிடம் மிச்சம் இல்லை.

"பிக்கெட்!" என்று கத்தினார்.

விஷயம் புரிந்ததும் மைதானம் வெடித்தது. அப்படி ஒரு சத்தத்தை வேட் அங்கே கேட்டதில்லை. பெரியவர்கள் பகுதிகூட எழுந்து நின்றது. வாத்தியக் குழுவில் எவனோ முரசை அடித்தான். பிக்-கெட், பிக்-கெட். பிக்கெட்டின் அம்மா இருக்கையின் மேலேயே ஏறிவிட்டாள்.

பிக்கெட் ஹெல்மெட்டின் தாடைவாரை மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான்.

வேட்டுக்கு டில்லரி மேல் பொறாமை என்பது பழகிப்போன வலி. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியும். இது வேறு. நாலு வருஷம். கிழிந்த தோள். போன பருவம் முழுக்க அணியை நடத்தினான். இந்தச் சத்தத்தில் கால்வாசி அவனுக்குக் கிடைக்கவில்லை. மாட்டு வைத்தியனுக்கு, ஒன்றுமே செய்யாதவனுக்கு, சும்மா உள்ளே போவதற்கே ஊர் எழுந்து நிற்கிறது. அந்த ஒரு தடவை பிக்கெட்டுக்குப் போகக்கூடாது. யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், அவனுக்குப் போகக்கூடாது.

தரையில் கிடந்த தன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வேட் ஓடினான். பிக்கெட்டின் தோளில் இடித்துக்கொண்டுதான் போனான். பின்னால் மர்டாக், "வேட்! டேய் வேட்! வேணாம்டா!" என்று கத்தியது கேட்டது.

எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். லோமாக்ஸ் குனிந்து பந்தின்மேல் கையை வைத்திருந்தான். தலையைத் திருப்பிக் காலுக்கிடையில் பார்த்தான். தலைகீழாக அவன் முகம்.

"நீ இங்க என்னடா பண்ற?"

"பந்தைக் குடு."

"பைத்தியமா பிடிச்சிருக்கு? நான் இன்னும் குடுக்கலடா. குடுக்காத வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகல. ஓடிடு. பிக்கெட் வந்துடுவான்."

"நேரம் ஓடுது. குடு."

"மச்சான். ஒரு வருஷம்டா. தெற்கு டகோட்டாடா." லோமாக்ஸின் குரலில் கிண்டல் இல்லாததை வேட் அன்றுதான் கேட்டான். "நேரம் தாண்டினா தண்டம் அஞ்சு கஜம்தானே? போகட்டும். நான் அப்படியே குனிஞ்சு நிக்கறேன். நீ போ."

வேட் ஓரத்தைப் பார்த்தான். பிக்கெட் ஒருவழியாக வாரை மாட்டிவிட்டு ஓடிவரத் தயாராக நின்றான். ஒரு கால் கோட்டுக்கு உள்ளே இருந்தது. மைதானம் அந்தக் காலைப் பார்த்துக் கத்தியது.

"ஸெட்," என்றான் வேட். "ஹட்!"

நாலு வருஷப் பழக்கம். அந்தக் குரலுக்கு லோமாக்ஸின் கை தானாகப் பந்தைத் தூக்கியது.

பந்து வந்தது. வேட் திரும்பினான். திட்டப்படி வலதுபக்கம் ஓடிவந்தவன் வயிற்றில் அதைத் திணித்தான். அவ்வளவுதான் அவன் வேலை. ஓடினவன் ஆட்களுக்குள் தலையைக் குத்தி விழுந்தான். டச்டவுன், ஆறு புள்ளி. ஒலிபெருக்கி அந்த ஓட்டக்காரனின் பெயரைச் சொன்னது. மாணவர்கள் கொண்டாடிவிட்டு, மூச்சு வாங்கியபின், மறுபடி பிக்கெட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். உள்ளே போனது வேறு ஆள் என்று பாதிப் பேர் கவனிக்கவே இல்லை.

லோமாக்ஸ் எழுந்து கையில் ஒட்டிய புல்லைத் தட்டினான். வேட்டைப் பார்க்கவில்லை. "என் கையைத்தான் வெட்டணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓரத்துக்கு வந்தபோது டில்லரி பாய்ந்து கட்டிக்கொண்டான். "அண்ணே! எனக்காகவா இறங்கினீங்க? ஒரு வருஷத்தைக் கொடுத்துட்டீங்களே அண்ணே!" அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வேட் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்து வைத்தான்.

மர்டாக் கிட்டே வந்தார். திட்டவில்லை.

"நான் உன்னைக் கூப்பிடல."

"தெரியும்."

"சரி. போனது போச்சு. இனி நீதான் ரெண்டாவது ஆள். உதைக்கிறவனுக்குப் பந்து பிடிக்கவும் ஆள் தேவைப்படுது. இப்பவே போ, கூடுதல் புள்ளிக்கு உதைக்கணும்."

வேட் மறுபடி உள்ளே போய் மண்டியிட்டான். பந்தைப் பிடித்து நிறுத்தினான். உதைத்தவனுக்குக் கைதட்டினார்கள்.

திரும்பி வந்தபோது பிக்கெட் பெஞ்சில் உட்கார்ந்து வாளிக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து வாயைத் துடைத்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தான்.

"வேட், நீ நல்லா இருப்படா. நான் செத்தேன்னு நினைச்சேன். உள்ள போயிருந்தா பந்தைத் தவறவிட்டு, எங்கம்மா முன்னாடி... அய்யோ, வேணாம்டா சாமி. எனக்கு அதெல்லாம் வேண்டவே வேண்டாம்டா. எனக்குத் துண்டும் தண்ணியும் போதும்."

பிக்கெட் ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்தான். ஒரு குவளைத் தண்ணீர் பிடித்து, காலை நீட்டி, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். வெயில் முகத்தில் விழுந்ததும் கண்ணை மூடினான். அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேட் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். டில்லரிக்குச் சைகை காட்ட வேண்டிய நேரம் வரும்வரை, அந்த மூடிய கண்களையே வயிறு எரியப் பார்த்துக்கொண்டிருந்தான்.