நாலடிப் பாவாடை

பாவாடை நாலடி அகலம். வாசல் இரண்டேகால் அடி. நடிகை இரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டு, முட்டுச்சந்துக்குள் நுழைந்துவிட்ட லாரிபோல மெல்லப் பின்வாங்கி நின்றாள்.

நாடக அரங்கமைப்பும் உடையும் கற்றுத்தரும் மூன்றாண்டுப் பயிற்சியின் கடைசி ஒத்திகை அது. விடிந்தால் தேர்வு. மேடைமேல் அந்த வீட்டை வரைந்து கட்டியவளும் பாவாடையை வெட்டித் தைத்தவளும் ஒருத்தியேதான். வாசல் செய்தவள் பாவாடை தைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டிருக்கிறாள் என்பதுதான் வேடிக்கை. பதினோரு வருஷம் அண்ணன் கடையில் தைத்துவிட்டு முப்பத்துநாலு வயதில் படிக்க வந்த அவளுக்கு, கூடப் படிக்கும் சின்னஞ்சிறுசுகள் வைத்த பெயர் ஊசியக்கா. அந்த ஊசிக்கு இன்று தலை நிமிரவில்லை.

துறைத்தலைவர் மேடையேறி அளவு நாடாவை நீட்டினார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அரையங்குலம். அரை அங்குலம் பிசகினாலே குடி முழுகிப்போனதுபோல் குதிப்பார். இது இருபத்தோரு அங்குலம். குதிக்கக்கூட மறந்து நின்றார்.

"எங்க கோட்டை விட்டன்னு தெரியுதா?"

"தெரியுது சார். மேடையைச் சின்னதா மாதிரிப் பெட்டியில செஞ்சப்போ உள்ள வெச்ச அட்டை பொம்மைக்கு உடம்பு மட்டும்தான் வெட்டுனேன். உடுப்பு மாட்டல."

"முதல் வருஷப் பிள்ளைங்க பண்ற தப்பு. வாசலைத் தொட்டா அதுமேல நிக்கிற மாடிப்படி சரியும். அதனால உடுப்பைக் குறை. காலையில அவ இந்த வாசல் வழியா வெளிய போயாகணும். போகலன்னா உனக்குத் தேர்ச்சி இல்ல."

நாடகத்தின் கதை சின்னதுதான். வீட்டை விற்றுவிட்ட மகன், பெட்டி எதையும் எடுக்கக்கூடாது என்று தாயிடம் கறாராகச் சொல்லிவிடுகிறான். அவள் தன் உடுப்புகள் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு கிளம்புகிறாள். பதினோரு அடுக்கு, உள்ளே பிரம்பு வளையம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஊசியக்கா ஒரு வயது வைத்திருந்தாள். அடியில் கல்யாணத்தன்று கட்டியது, மேலே போன மாதம் சாயம் போனது.

தையலறையில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். எந்த அடுக்கை உருவுவது, எந்த வயதைத் தூக்கிப் போடுவது என்று கை ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் போன் செய்தான். நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கே? பிடிச்சுத் தைச்சுக் குடுத்துட்டுப் போம்மா. நாம குறைக்காத துணியா?"

சுருக்கென்றது. உண்மைதான். பதினோரு வருஷமாக அவள் செய்தது அது ஒன்றைத்தான். இடுப்பைப் பிடி, தோளைப் பிடி, கையைக் குறை. வந்த பெண்களையெல்லாம் மூச்சு முட்ட முட்டச் சிறிதாக்கி அனுப்பியிருக்கிறாள். போகிறபோது அவர்கள் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்கள்.

"இதைக் குறைக்க மாட்டேண்ணா."

"தேறலன்னா திரும்ப மெஷின்ல வந்து உக்காரணும். அதான் நமக்குள்ள பேச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வந்து உக்கார்றேன். ஆனா இதைக் குறைக்க மாட்டேன்."

போனை வைத்தபோது தையலறை வாசலில் நடிகை நின்றிருந்தாள், வேஷத்தின் தலைக்கட்டைக்கூட அவிழ்க்காமல்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? முட்டி நின்னேனே, அப்ப எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு. ரெண்டு மாச ஒத்திகையில வராத கோவம்."

"நாளைக்கும் முட்டு" என்றாள் ஊசியக்கா.

காலையில் மூன்று தேர்வாளர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள். துறைத்தலைவர் கையில் நாடாவோடு ஊசியக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதருகே குனிந்தார்.

"குறைச்சிட்டியா?"

"இல்ல சார்."

"விளையாடறியா? இது தப்பு!"

"நேத்து தப்பு சார். இன்னைக்கு வேணும்னே வெச்சிருக்கேன். மார்க் போடலன்னா போடாதீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் விளக்குகள் அணைந்தன.

மேடையில் மகன் வாசலைக் காட்டினான். தாய் நடந்து வந்தாள். முட்டினாள். நின்றாள். தேர்வாளர் ஒருவர் களுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார். தாய் பின்வாங்கவில்லை. இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு, பதினோரு அடுக்கையும் சேர்த்து வாசலுக்குள் தள்ளினாள். பிரம்பு முறுகியது. மாடிப்படி ஒருதரம் முனகியது.

ஊசியக்காவின் மடியில் அவசரத்துக்கென்று வைத்திருந்த சுத்தியல் கிடந்தது. பக்கத்தில் துறைத்தலைவர் நாடாவை நீட்டியபடியே பிடித்திருந்தார், சுருட்ட மறந்து.

நிலையின் மேல்மூலையில் ஓர் ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தியலைத் தொடவில்லை.