கத்தாத குட்டி

...ஆனால் இரண்டுமே ஓடும், இரண்டுமே செருப்பைக் கடிக்கும், இரண்டுக்குமே காலையும் மாலையும் நடை வேண்டும், நடக்க விடாவிட்டால் வீட்டை இரண்டாக்கிவிடும் என்றுதான் நாய்க்காரர் சொல்கிறார், அப்புறம் அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது, லேப்ரடார் என்றால் கொஞ்சம் பெரிது, பீகிள் என்றால் கொஞ்சம் சிறிது, லேப்ரடார் சாப்பாட்டுக்காக எதையும் செய்யும், பீகிள் ஒரு வாசனை பிடித்துவிட்டால் கடவுளே கூப்பிட்டாலும் திரும்பாது... இதையெல்லாம் கணவன் வாரக்கணக்காகக் கைப்பேசியில் படித்துப் படித்து ஒப்பித்தாகிவிட்டது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டான். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் இந்தக் கம்பி வேலிக்குள் நுழைந்ததிலிருந்து கேட்க முடியாமல் நிற்கிறாள். எது கத்தும்? வலித்தால் எது கத்தும்? இதை எப்படிக் கேட்பது, நாய் வாங்க வந்தவள் கேட்கிற கேள்வியா இது, அந்த ஆள் என்ன நினைப்பார்...

நாய்க்காரர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார், எதைச் சொன்னாலும் அடுத்த தெருவுக்கும் சேர்த்துச் சொன்னார். ஏன் அப்படிக் கத்திப் பேசுகிறார் என்று அவளுக்கு வந்த உடனே தெரிந்துவிட்டது, வருஷக்கணக்காகக் குரைப்புக்கு நடுவில் நிற்கிற மனிதர், கீச்சென்ற சத்தங்களெல்லாம் அவருக்கு எப்போதோ போயிருக்கும், அதனால்தான் அவள் மூத்த மகள் பெரியவள் ஏதாவது கேட்டால் வலது காதைத் திருப்பிக் குனிகிறார். அவளுடைய வேலையே அதுதான், காது ஆஸ்பத்திரியில், சத்தம் புகாத அறைக்குள் ஆளை உட்கார வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்ப வேண்டும், கேட்டால் அவர்கள் கையிலிருக்கும் பட்டனை அழுத்துவார்கள், இங்கே சின்னதாக ஒரு விளக்கு எரியும். சத்தம் போகாதபோதே அழுத்துகிறவர்கள் உண்டு, பாவம், கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. சத்தம் போயும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "சத்தியமா ஒண்ணும் வரலை மேடம், உங்க மெஷினைப் பாருங்க" என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். காலை முழுக்க இந்தக் கீச்சு, மத்தியானம் வீடு திரும்பினால் அது காதுக்குள்ளேயே இருக்கும், படியேறும்போதே கைக்குழந்தையான சின்னவனின் அழுகை கேட்கும், அவனைப் பார்த்துக்கொள்ள வரும் நாத்தனார் அவள் தலையைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள், அப்புறம் பள்ளிக்கூடம் விட்டுப் பெரியவள் வருவாள், கணவன் வர இருட்டிவிடும். அதுவரை அவளும் இரண்டு குழந்தைகளும் மட்டும், அந்த மத்தியானங்கள்...

நினைக்கக் கூடாது என்றுதான் பார்க்கிறாள். பெற்ற மகளைப் பற்றி இப்படி நினைக்கிற தாய் உண்டா? ஒன்பது வயதுக் குழந்தை. ஆனால் அந்தக் கோடுகள்? அன்றைக்குச் சின்னவன் அழுதுகொண்டே இருந்தான், பால் குடித்தும் அழுகை, தோளில் போட்டாலும் அழுகை, காதுக்குள்ளிருந்த கீச்சும் அவன் அழுகையும் ஒன்றாகி எது எது என்று தெரியாமல் போய்... அப்புறம் அவன் அழவில்லை. கட்டிலில் விக்கிக்கொண்டு கிடந்தான், அவள் பக்கத்தில் நின்றிருந்தாள், திரையோரமாகப் பெரியவள், பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல். அவன் தொடையில் பிறை மாதிரி இரண்டு கோடு, நகம் பதிந்த கோடு. நடுவில் என்ன நடந்தது? நடுவில் ஒன்றும் இல்லை, துணி எடுக்க அடுத்த அறைக்குப் போயிருப்பாள், போய் வருவதற்குள் இந்தப் பெண் உள்ளே வந்து... அவசர அவசரமாகத் துண்டை இழுத்து அவன் தொடையை மூடினாள். "ஒண்ணுமில்ல, எலாஸ்டிக் பட்டிருக்கு. அப்பாகிட்ட சொல்ல வேண்டாம், பயந்துடுவார்" என்றாள். பெரியவள் தலையை ஆட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை, ஒரு குழந்தை கேட்குமே, கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவளை மடியில் இருத்தி நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள், சதை தெரிகிற அளவுக்கு, வலித்திருக்கும், வாயைத் திறக்கவில்லை அழுத்தக்காரி.

அதைவிட மோசம், சின்னவன் அவளைக் கண்டால் அடங்கிவிடுகிறான். ஊரைக் கூட்டி அழுகிறவன், திரையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தால் பட்டென்று நிறுத்திவிடுகிறான், கண்ணை அகலத் திறந்து பார்க்கிறான். "பாத்தியா, அக்கான்னா அவ்ளோ பாசம்" என்று கணவன் பூரித்துப்போவான், அவளுக்கு முதுகு சில்லிடும். கீழ்வீட்டுப் பூனையும் அப்படித்தானே, முன்பெல்லாம் காலைச் சுற்றிக்கொண்டு வரும், இப்போது அவளும் பெரியவளும் சேர்ந்து படியிறங்கினால் போதும், வண்டிக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. போன வாரம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள், பெரியவள் படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அதே பூனை, என்ன செய்கிறாளோ என்று ஜன்னலைத் திறந்தாள், பூனை நிமிர்ந்து பார்த்தது, ஒரே பாய்ச்சல், போய்விட்டது. ஜன்னல் சத்தத்துக்கு ஓடியிருக்கும். பள்ளிக்கூட டீச்சர்தான் இந்த நாய் யோசனையைச் சொன்னது, உங்க பொண்ணு யார்கிட்டயும் பேச மாட்டேங்குறா, தம்பி வந்ததுலேர்ந்து ஏதோ மாதிரி இருக்கா, ஒரு துணை இருந்தா நல்லது என்று. கணவன் அப்படியே பிடித்துக்கொண்டான். அவளும் சரி என்றாள். துணைதான், யார் இல்லை என்றது, ஆனால் அது வாய் விட்டுக் கத்துகிற துணையாக இருக்க வேண்டும், அடுத்த அறையில் இருந்தாலும் காதில் விழ வேண்டும். சின்னவன் பெரியவளிடம் கத்த மாட்டான், பழக்கிவிட்டாள் அவனை. நாயாவது கத்தட்டும். அவள் கை நீளுவது முதலில் நாயிடம் நீளட்டும்... சீ, என்ன நினைப்பு இது, அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது.

கடைசியில் கேட்டேவிட்டாள். "தெரியாம காலை மிதிச்சுட்டா கத்துமா?" நாய்க்காரர் காதைத் திருப்பி, இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டு, வேலி அதிரச் சிரித்தார். "லேப்ரடாரா? நீங்க மேல ஏறி உக்காந்தாலும் வாலைத்தான் மேடம் ஆட்டும். அது பொறுத்துக்கும். பீகிள் அப்படியில்ல, தொட்டாலே போதும், கொலை விழுந்த மாதிரி ஊளையிடும். குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு லேப்ரடார்தான் சரி, எல்லாரும் அதுக்காகத்தான் வாங்கறாங்க." பெரியவள் அதற்குள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்ரடார் குட்டியை மடியில் இழுத்துக்கொண்டாயிற்று, மஞ்சள் நிறக் குட்டி, நாலு மாதம் இருக்கும், அவள் அதன் காதை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "இது போதும்மா" என்றாள் நிமிராமல். "ஏன் இது?" "இது கத்தாதுல்ல." பார்த்தாயா, வாயாலேயே சொல்கிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும்?

கணவன் வேலிக்கு வெளியே, மரத்தடியில், தூங்கும் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான், குரைப்பில் முழித்துவிடுவான் என்று தள்ளியே நின்றுவிட்டான். நாய்க்காரர் தீவன மூட்டையை இழுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனார், பெரியவளைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு குழாயடிக்கு அனுப்பினார். வேலிக்குள் இப்போது அவளும் இரண்டு குட்டிகளும் மட்டும். சும்மா ஒரு தரம் பார்த்துவிட்டால் என்ன? விற்கிறவன் ஆயிரம் சொல்வான். குந்தி உட்கார்ந்து லேப்ரடாரின் முன்காலை எடுத்தாள், விரல்களுக்கு நடுவே சதை மெத்தென்று இருந்தது, அழுத்தினாள். குட்டி அவள் கையை நக்கியது. இன்னும் கொஞ்சம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், கேட்கவில்லை என்றால் ஒரு படி கூட்டுவோம், இன்னொரு படி கூட்டுவோம். குட்டியின் கண் அகலமாகிவிட்டது, உடம்பு விறைத்துக்கொண்டது, சத்தம் மட்டும் வரவில்லை, வாலின் நுனி இன்னமும் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பார்வையை எங்கே பார்த்திருக்கிறாள்... விட்டுவிட்டாள். அடுத்து பீகிள். தொட்டவுடன் கத்தும் என்றாரே, கத்தவில்லையே, பொய்யா, பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் ஒரு அழுத்து, அவ்வளவுதான், ஊசி போட்டதுபோல் ஒரு கீச்சு, நீளமாக, உச்சந்தலை வரை. நெஞ்சுக்குள் எதுவோ தளர்ந்தது. கேட்கிறது, நன்றாகக் கேட்கிறது. வேலிக்கு அப்பால் நாய்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கத்துகிற குட்டி கத்திக்கொண்டே இருந்தது, போதுமே, கேட்டாகிவிட்டதே, எதற்கு இன்னும், நிறுத்து என்று அதன் காலை இறுக்கினாள், நிறுத்தித் தொலை, இன்னும் இறுக்கினாள்...

"ம்மா."

கிண்ணத்தில் தண்ணீர் தளும்பப் பெரியவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குட்டியின் காலைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தானாக விட்டுவிட்டன, பீகிள் மூன்று காலில் ஓடி மூலையில் ஒட்டிக்கொண்டது. ஏதாவது சொல்ல வேண்டும், முள் குத்தியிருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். பெரியவள் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது, அந்த முகத்தில் அதிர்ச்சியே இல்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து குந்தி, பெரிய மனுஷி போலத் தாழ்ந்த குரலில் பேசினாள். "பரவால்லம்மா. இதையும் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்." இதையும்? "அதனாலதான்மா அதை வாங்கலாம்னு சொன்னேன். கத்தினா உனக்குத் தாங்காது. தம்பின்னா நான் ஓடி வந்துருவேன், என்னைப் பாத்தா அவன் நிறுத்திருவான். பையைக்கூட கழட்டாம ஓடி வர்றேன். நாயை எப்படிம்மா நிறுத்துறது?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். எதற்கு இல்லை? சத்தியமாக அவளுக்கு ஒன்றும் வரவில்லை, அழுகை இருந்தது, அப்புறம் அழுகை இல்லை, நடுவில் துணி எடுக்கப் போனாள்... போனாளா? கையில் துணி இருந்ததா? துண்டு அவன் தலைமாட்டில் அல்லவா கிடந்தது, அங்கிருந்துதானே இழுத்து மூடினாள்? தன் வலது கையைப் பார்த்தாள், கட்டைவிரல் நகம் நீளமாக, ஒழுங்காக வளர்ந்திருந்தது. அன்றைக்கு மகளின் நகத்தைச் சதையோடு வெட்டியவளுக்குத் தன் நகத்தை வெட்ட ஏன் தோன்றவில்லை? அழுகை வந்தது, பயத்தில் வந்த அழுகை, மகளைப் பார்த்து வந்த பயம் இல்லை அது.

"என்னம்மா, முடிவு பண்ணியாச்சா? வாயைத் திறக்காததா, ஊரைக் கூட்டுறதா?" கணவன் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், தோளில் சின்னவன் விழித்துக்கொண்டு வீறிட்டான். "இந்தா, பிடி, அம்மா வேணுமாம்" என்று நீட்டினான். அவள் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குள் பெரியவள் எழுந்து நடுவில் வந்து நின்றுவிட்டாள். "என்கிட்ட குடுங்கப்பா." அக்காவின் இடுப்புக்கு வந்ததும் அழுகை நின்றது, பட்டென்று, எப்போதும்போல, அவன் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தான், கண்ணை அகலத் திறந்து. லேப்ரடார் பார்த்த அதே பார்வை. அவன் இத்தனை நாளும் அக்காவைப் பார்த்துப் பயந்தானா, அக்கா வந்துவிட்டாள் என்று...

"பீகிள்" என்றாள். குரல் தன்னுடையதாக இல்லை. "கத்துறதுதான் வேணும்." பெரியவள் சட்டென்று திரும்பினாள், "வேண்டாம்மா, ப்ளீஸ்மா" என்றாள், முதல்முறையாக அந்த முகம் கலங்கியது. கணவன் சிரித்தான். "ஏன், வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் கத்துறது பத்தலையா?" "கத்தட்டும். காதுல விழணும்." "யார் காதுல?" விளையாட்டாகத்தான் கேட்டான், கேட்டுவிட்டு விலை பேச நாய்க்காரரின் வலது காதுப் பக்கமாகப் போனான். உங்கள் காதில் என்று சொல்லியிருக்கலாம், வீட்டிலேயே இருங்கள், மத்தியானங்களில் என்னைத் தனியாக விடாதீர்கள் என்று இப்போதே, இங்கேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவன் நாளைக்கு வேலைக்குப் போய்விடுவான். நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாய் கத்தினால் கேட்பதற்கு அந்த வீட்டில் இருக்கப்போவது ஒருத்திதான், அவள் தம்பியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, அப்பா திரும்பிப் பார்ப்பதற்குள், அவன் தொடை தெரியாதபடி அவன்மேல் போர்த்தியிருந்த துண்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.