பானை ஓட்டு மயில்

மண்டபத்துக்குள் நுழைந்த சுபத்திராவுக்குப் பகீரென்றது. மலேசியாவின் கோத்தா திங்கி ஆற்றங்கரையில் எட்டு மாதம் வெயிலில் காய்ந்து, கொசுக்கடி பட்டு அவள் தோண்டியெடுத்த பானை ஓடுகள் எல்லாம் தரையில் ஒரு மயிலாகக் கிடந்தன. தோகைக்கு நீலப் பீங்கான் துண்டுகள், உடம்புக்குச் சிவப்பு ஓடுகள், கண்ணுக்கு ஒரு பழைய பாசிமணி.

மரபு விழாவின் மகளிர் பிரிவுத் தலைவி புஷ்பவள்ளி முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். இந்த ஊரில் பெரிய மனிதர் யார் வந்தாலும் கோலம் இல்லாமல் வரவேற்க மாட்டார்கள். அரிசிக் கோலம் எல்லோரும்தான் போடுகிறார்கள், தொல்பொருள் விழாவுக்குத் தொல்பொருளிலேயே போட்டால் என்ன என்று அந்த அம்மாளுக்குத் தோன்றிவிட்டது. ஓடுகளை மேசையில் அடுக்கிவைக்கச் சொல்லி, அவை இருந்த அறையின் சாவியைக் கொடுத்தது சுபத்திராவேதான்.

"எப்படிம்மா இருக்கு? நேத்துலேர்ந்து பத்து பேரு குனிஞ்சு போட்டோம்லா."

"ஆன்ட்டி, இதெல்லாம் பையில இருந்துச்சே. பையெல்லாம் எங்க?"

"ஒரே மண்ணும்மா. சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு, பையைக் குப்பையில போட்டாச்சு. காலையில லாரி அள்ளிட்டுப் போயிருச்சு."

எந்த ஓடு எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பது அந்தப் பைகளுக்குள் இருந்த சீட்டில்தான் இருந்தது. அது தெரியாமல் எந்த ஓட்டுக்கும் காலம் சொல்ல முடியாது. ஓடுகளின் மேல் எண் எழுதும் வேலையை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்தக் கரையில் மணல் எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. பல காலம் மக்கள் வாழ்ந்த இடம் என்று திங்கட்கிழமைக்குள் காட்டினால்தான் தடுக்க முடியும்.

"அலமாக், ஆன்ட்டி! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

வாய்க்கு வந்தபடி ஏசலாம் போலிருந்தது. யாரைப் போய் ஏசுவது? எட்டு மாதமும் தோண்டுகிற இடத்துக்குக் கோப்பியும் பலகாரமும் சுமந்து வந்தது இந்த அம்மாள் ஒருவர்தான். எரிச்சலில் சுபத்திராவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் புஷ்பவள்ளி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அதற்குள், ஊரார் மரியாதையாக வைபி என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் வந்துவிட்டார். மயிலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

சுபத்திரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "வைபி, அந்தக் கரையில மணல் அள்ள விடக்கூடாது. இதெல்லாம் அங்க கிடைச்சதுதான்."

"அப்படியா? எவ்ளோ பழசு?"

"ஒவ்வொண்ணும் ஒரு காலம். எது எதுன்னு..." கழுவித் துடைத்துப் பளபளத்த ஓடுகளை அவள் பார்த்தாள். "இப்ப சொல்ல முடியலை, வைபி."

அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "கவலைப்படாதீங்க. இது மேல கண்ணாடி போட்டு காலத்துக்கும் வச்சிரலாம். எல்லாத்தையும் பத்திரமா இங்க கொண்டாந்துட்டீங்க, இனி அந்தக் கரையில என்ன இருக்கு?"

முதலில் கைதட்டியது புஷ்பவள்ளிதான்.