மூன்றாவது வருட ஆட்டம்

இரண்டு முழங்காலும் வீங்கிப் போயிருந்ததால் அன்றைக்குப் பள்ளிப் படிகளைப் பக்கவாட்டாகத்தான் ஏறினேன். பொலிவியாவின் சுரங்க ஊரான ஒரூரோவில் சாத்தான் முகமூடி ஆட்டம் சொல்லிக் கொடுப்பவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் முழங்கால் மிஞ்சாது.

தலைமையாசிரியர் சுருக்கமாக முடித்தார். "நடன வகுப்பை நிறுத்தியாச்சு டீச்சர். இனிமே அந்த நேரத்துல கணக்கு. குதிச்சுக் குதிச்சு எவன் டாக்டரானான்?"

எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, பிள்ளைகள் நடன வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிவிடக் கூடாதென்று, இருபத்தேழு பேரையும் சுரங்க மாதா கோயிலுக்கு அழைத்துப்போய், மூன்று வருடம் கார்னிவல் திருவிழாவில் ஆடுவதாக நேர்ந்துகொள்ள வைத்தவள் நான். இங்கே அந்த நேர்ச்சையை யாரும் உடைப்பதில்லை.

வெளியே மாரிபெல் கொல்கே நின்றாள். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட அப்பாவுக்காக நேர்ந்தவள்.

"நெசமாவா டீச்சர்? அப்ப மூணாவது வருசம்?"

"வேற குழுவுல சேர்ந்துக்கம்மா."

"இங்க முகமூடி சும்மா கெடைச்சுது, அங்க வாடகைக்கு எங்க போவேன்? எங்கப்பா மூச்சை விக்கவா?"

"உன் தப்பில்லைன்னு மாதாவுக்குத் தெரியும்டி."

"மாதா எதையும் மறக்க மாட்டான்னு நீங்கதான சொன்னீங்க?"

கார்னிவல் முடிந்த மூன்றாம் நாள் அவள் அப்பா இறந்தார். அடக்கத்தில் மாரிபெல் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அம்மாதான் என் கையைப் பிடித்தாள்.

"இவ ஆடியிருந்தா அவரு இருந்திருப்பாரு, இல்ல டீச்சர்?"



இருபத்தேழு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வருட ஆட்டம், மாதாவுக்கு இன்னும் பாக்கி. நேர வைத்த நான்தான் கடன்காரி.