சைகோன் சுருளும் ஜேடர்பாளையத்து எறாவும்

அரிசித் தாள்களை மொத்தமாக வெந்நீரில் கவிழ்த்துவிட்டேன். சைகோனிலிருந்து கப்பலில் ஏற்றி, ரயிலில் மடியில் வைத்து, மாட்டு வண்டியில் தலைமேல் தூக்கிப் பிடித்து, ஜேடர்பாளையம் வரை ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றாக நனைத்து எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அங்கே ஆறு வருடம் துணிக்கடையில் முழம் போட்டவன், எதிர்வாடைக் கிழவி அந்தத் தாளில் எறா வைத்துச் சுருட்டித் தருவதைத் தினமும் வாங்கித் தின்றவன். இருந்தும் அவசரம். குண்டாவுக்குள் கையை விட்டால் பசைதான் வந்தது.

"வேட்டிக்குக் கஞ்சி போட ஆச்சுங்க" என்றாள் என் மனைவி சௌந்திரம்.

டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு நான்கு தாள்கள் தப்பியிருந்தன.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. வியாழக்கிழமை நான் கிளம்ப வேண்டும், புதுச்சேரியில் கப்பல். இந்த முறை அவளையும் கூட்டிப்போகத்தான் வந்திருந்தேன். வருவாளா மாட்டாளா என்று ஒரு மாதமாகத் தெரியவில்லை. கேட்டால், "எருமை சினையா இருக்குதுங்க" என்பாள். எருமை ஈன்றது. "ஆடி போகட்டுங்க" என்றாள். ஆடியும் போனது. இப்போது கன்றுக்குக் கழிச்சல் என்கிறாள். என் பேச்சு எடுபடவில்லை, சைகோன் ருசியாவது எடுபடட்டும் என்று இறங்கினேன்.

கடல் எங்கோ இருக்கிறது. அணைக்குக் கீழே வலை போடுகிறவர்களிடம் ஆற்று எறா வாங்கினேன். அங்கத்து நூல் சேமியாவுக்குப் பதில், அரிசி மாவில் பிழிந்த நம்மூர்ச் சந்தகை. மீன் சாற்றுக்குக் கருவாட்டை வேகவைத்த தண்ணீர், எலுமிச்சை, பச்சை மிளகாய். புதினாவும் வெள்ளரியும் கிடைத்தன. வேகவைப்பதையெல்லாம் விடிவதற்குள் புழக்கடையில் மூன்று கல் வைத்து நானே முடித்தேன். "இன்னைக்கு நீ அடுப்பே பத்த வெக்க வேண்டாம்" என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

உச்சிப்பொழுதில் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஏஞ்சாமி, காலையிலிருந்து உங்கூட்டுல பொகையே காணமே! யாருக்கு என்ன ஆச்சு?"

எழவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. சைகோனில் இருந்ததில் அதை மறந்து தொலைத்திருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கறோமுங்கக்கா. பலகாரம் பண்றேன்."

அவள் தட்டை எட்டிப் பார்த்தாள். நான் சுருட்டிய முதல் சுருள் வெள்ளையாகக் கிடந்தது. "எறாவுக்கு எதுக்கு சாமி கோடித்துணி சுத்தியிருக்கறே?" என்று கேட்டுவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு போனாள். அழ வந்தவளுக்கு ஏமாற்றம்தான்.

அதுவும் நான் தொட்டதும் வெடித்தது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதைச் சௌந்திரம் வாங்கி, சந்தகை பரப்பி, எறாவை அடுக்கி, வெற்றிலை மடிப்பது போல ஒரே சுருட்டாகச் சுருட்டினாள். கருவாட்டுச் சாற்றில் தொட்டுக் கடித்தாள். அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்குதுங்க."

"அங்க வந்தீன்னா தினமும் தின்னலாம். ஊட்டுக்குள்ளயே கொழாத்தண்ணி. மாரியாத்தா கோயில்கூட இருக்குது."

"காலைல கடைக்குப் போனா எப்ப வருவீங்க?"

"ராத்திரி எட்டு ஆயிரும்."

"அதுவரைக்கும் நான் யாருகூடப் பேசறதுங்க?"

"எதிர்ல அந்தக் கெழவி இருக்குதல்ல."

"அதுக்குத் தமிழ் தெரியுங்களா?"

"அஞ்சு வரைக்கும் எண்ணும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

சிரிக்கவில்லை. கடைசித் தாளை நனைத்தாள், நிதானமாகச் சுருட்டினாள், என் இலையில் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். எருமையைப் பற்றியோ கன்றைப் பற்றியோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அப்படியே சொல்லட்டும் என்றுகூட இருந்தது.

"நான் வரலீங்க. இங்கயே இருந்தீங்கன்னா சோறாக்கிப் போடறேன். போறதுன்னா போங்க, ஆனா இந்தத் தடவை எனக்குத் திரும்பி வர்ற நாள் சொல்லிட்டுப் போகாதீங்க. நான் எண்ண மாட்டேன்."