அக்கா வீட்டு வழியில் ஆறு நாடுகள்

ஆரம்பத்தில் அது ஒரே ஒரு நாடுதான். கடல் தாண்டி இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும், பத்து நாள் கூட இருக்க வேண்டும். தங்கை கேட்டது அவ்வளவே. பதினோரு வருஷமாகப் போனிலேயே முகம் பார்த்துக்கொள்ளும் அக்கா தங்கைக்கு இது என்ன பேராசையா?

போன மாதம் அக்கா புதிதாக ஏதோ சாப்பிடுவதாகச் சொல்லி, "சத்து மாத்திரைடி" என்று சிரித்தாள். தங்கை விடவில்லை, அட்டையில் இருக்கும் பெயரைப் படிக்கச் சொன்னாள். பதினைந்து வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவளிடம் அந்தப் பொய் எடுபடுமா? மறுநாள் கடையில் அந்தப் புற்றுநோய் மாத்திரை இருக்கும் அலமாரிப் பக்கமே அவளால் போக முடியவில்லை.

புருஷனிடம் சொன்னாள். அவரும் ஆடிப்போய்விட்டார். "உடனே கிளம்புறோம்" என்றார். மனுஷன் தங்கம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பி எங்கே எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று முப்பது வருஷமாக அட்டவணை போட்டு ஊரையே அனுப்பிவைத்தவர், தான் மட்டும் எங்கும் போனதில்லை. சும்மா நிற்கிற வண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"அவ்ளோ தூரம் போறோம், பக்கத்து நாட்டை எட்டிப் பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்?" என்று ஆரம்பித்தார். பக்கத்து நாட்டுக்கும் ஒரு பக்கத்து நாடு இருந்து தொலைத்தது. சாப்பாட்டு மேஜை மேல் உலகப்படம் ஏறியது, சாப்பாட்டுத் தட்டுகள் மடிக்கு வந்தன. அக்காவின் பத்து நாள் ஏழானது, ஏழு நாலானது.

"ஏங்க, நாம அக்காவப் பாக்கத்தானே போறோம்?"

"அதான் போறோமே! பன்னெண்டு நாள், ஆறு நாடு. ஒரு நிமிஷம் வீணாப் போகுதா பாரு!"

அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்துவிட்டு எப்படி வாயைத் திறப்பது? சண்டைக்கார புருஷனாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இன்று விசா குத்திய பாஸ்போர்ட்டுகள் வந்துவிட்டன. டிக்கெட்டும் போட்டாயிற்று, அடுத்த வாரம் பயணம். அவர் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட அட்டவணையைப் பெருமையாக நீட்டினார். அவள் விரல் ஐந்தாவது நாட்டில் நின்றது. இறங்குவது காலை 9.10. ஏறுவது அன்றே மதியம் 2.50. கீழே பொடி எழுத்தில், போக வர மூன்று மணி நேரம், விமான நிலையத்துக்கு முன்கூட்டி வர ஒன்றரை மணி நேரம், அக்கா வீடு ஒரு மணி பத்து நிமிஷம்.

"நாலு நாள்னு சொன்னீங்களே?"

"விமானம் வேற எப்படியும் ஒத்து வரலம்மா. அந்த நாட்டுக்கு முழு விசான்னா ரெண்டு மாசம் ஆகும். வழியில மாறிப் போறவங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, மூணே நாள்ல குடுத்துட்டான்."

"நாம அங்கயே நின்னுட்டா?"

"ஒரு நாளைக்கு மேல விட மாட்டான். டிக்கெட்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்தது, ஒண்ண விட்டா மிச்சம் எல்லாம்..." பாதியில் குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அக்கா வீட்டைப் பஸ் மாறுகிற இடமாக எழுதிவைத்திருக்கிறார், பாவி மனுஷன். "எல்லாத்தையும் விட்டுட்டு, ரெண்டு மாசம் கழிச்சு முழு விசா வாங்கிட்டே போலாமா?" என்றார்.

ரெண்டு மாசம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரெண்டு மாசம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

போன் அடித்தது. அக்காதான். போனை மேஜையிலேயே வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னடி, விசா வந்துச்சா? பெரிய கட்டில் உனக்கும் எனக்கும். உன் வீட்டுக்காரருக்கு ஹால்தான், இப்பவே சொல்லிடு." சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமானது. "அப்புறம், டாக்டர்கிட்ட மல்லுக்கட்டி ஊசியப் பத்து நாள் தள்ளி வெக்கச் சொல்லிட்டேன். போட்டா எந்திரிக்கவே முடியாதுடி. இவ்ளோ வருஷம் கழிச்சு வர்ற, நான் படுத்துக் கிடக்கறதயா பாக்கணும்?"

அவர் அட்டவணையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தார். எந்தப் பக்கம் வைத்தால் என்ன?

"தள்ளாதக்கா. ஊசி போட்டுக்கோ" என்றாள் அவள். "நீ படுத்திரு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"பத்து நாளுமா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"ம்" என்றாள்.